சாவியோடு ஒப்படைக்கப்படும் உயிர்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகியவற்றில் ஊர் கலைந்து போகும் காலங்கள் ஆண்டுக்கு நான்கைந்து உண்டு. விடுதலையை அடுத்த ஆண்டுகளில் அம்பத்தூரில் எழுந்த மிதிவண்டித் தொழிற்சாலையும், 1960களில் அங்கு உருவான தொழிற்பேட்டையும், 1961இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும் பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்தன. அக்குடும்பங்கள் மனை வாங்கி, வீடு கட்டி, இரண்டு மூன்று தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்துவிட்ட பின்னும் அவற்றின் குலதெய்வம் ஊரில்தான் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கும், ஆடியில் அம்மன் கொடைக்கும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் வீடு பூட்டப்படுகிறது. பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகும்படி காவல்துறை அறிவுறுத்துகிறது. 2022 முதல் தனிக் காவல் ஆணையரகமாக இயங்கும் ஆவடியும் இதற்கு விலக்கன்று. ஆனால் ரோந்து வரும் காவலர் பூட்டை இழுத்துப் பார்க்கலாமேயன்றி உள்ளே இருக்கும் நாய்க்குச் சோறு வைக்க முடியாது. ஆகவே சாவி பக்கத்து வீட்டுக்குப் போகிறது. சாவியோடு ஓர் உயிரும், அவ்வுயிரைப் பற்றிய நீண்ட கோரிக்கைகளும் போகின்றன.

நாயை ஊருக்கு அழைத்துச் செல்லாமல் விட்டுப்போவது பெரும்பாலும் மனமில்லாமையால் அன்று. ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியிலோ மூன்றடுக்கு ஏசி பெட்டியிலோ நாயை ஏற்றிக்கொள்ள அனுமதியில்லை. முதல் வகுப்பு ஏசியில் இருவருக்கான அறையையோ நால்வருக்கான அறையையோ முழுவதுமாகப் பதிவு செய்தவர்கள் மட்டுமே தம்முடன் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில் அடைத்து அனுப்ப வேண்டும். அந்தக் கூண்டின் இருட்டையும் இரைச்சலையும் ஒருமுறை கண்டவர் மறுமுறை அதைத் தேர்வதில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டப் பேருந்தைப் பிடிக்க ஆவடியிலிருந்து நகரின் தெற்கு எல்லைவரை மூட்டை முடிச்சுகளோடு போகவேண்டியுள்ள குடும்பம், ஒரு லேப்ரடாரையும் உடன் இழுத்துக்கொண்டு போவதை நினைத்துப் பார்ப்பதற்கில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைக்கும் விடுதிகள் இப்போது பெருகியிருந்தாலும், ஒரு வாரத்துக்கான தொகை குடும்பம் முழுவதற்குமான பயணச் செலவை நெருங்கும்போது, பக்கத்து வீட்டு அக்காவே கண்முன் நிற்கிறார்.

அந்த அக்காவிடம் வைக்கப்படும் கோரிக்கைகள் தெரு முழுவதும் சிரித்துப் பேசப்படுபவை. வீட்டுக்காரரின் பழைய லுங்கியைத் துவைத்துவிடக் கூடாது, அது நாயின் படுக்கை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தொடரைப் போட்டுவிட வேண்டும், பாட்டி பார்க்கும் நேரம் அது. வீடியோ கால் வரும்போது தொலைபேசியை நாயின் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். வாழைப்பழத்தைத் தோலோடு கொடுத்தால் கோபித்துக்கொள்ளும். வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் வாக்கிங் கூட்டிப்போக வேண்டும், ஏனென்றால் கோலம் போட்டபின் வெளியே போவதே அதன் வழக்கம். கேட்பவருக்கு இவை செல்லம் முற்றிப்போனதன் அடையாளங்களாகத் தோன்றும். ஆயினும் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தால், நகைப்புக்குரியவை எனத் தள்ளப்படுபவற்றுள் பெரும்பாலானவை விலங்கை நெடுங்காலம் உற்றுநோக்கியதன் பயன் என்பதும், உண்மையான அநியாயம் யாரும் சிரிக்காத வேறொரு கோரிக்கையில் இருக்கிறது என்பதும் புலப்படும்.

துவைக்காத லுங்கியையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் என்பாரின் ஆய்வுக்குழு, மயக்கமருந்து கொடுக்காமலேயே அசையாமல் படுத்திருக்கப் பழக்கப்பட்ட 12 நாய்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, பழகிய மனிதர், பழகாத மனிதர், பழகிய நாய், பழகாத நாய், அந்நாயே ஆகியோரின் உடல்வாசனைகளை முகரச் செய்தது. இன்பத்தை எதிர்நோக்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப்பகுதி பழகிய மனிதரின் வாசனைக்கே மிகுதியாக வினையாற்றியது. அந்த மனிதர் அப்போது அறையிலேயே இல்லை. அம்பத்தூர் வீட்டில் மூலையில் கிடக்கும் அழுக்கு லுங்கி, ஊருக்குப் போன மனிதர் நாயைப் பொறுத்தவரை இன்னும் போய்விடவில்லை என்பதற்கான ஒரே சான்று. தூய்மையில் அக்கறையுள்ள அக்கா அதை எடுத்து ஊறவைத்துவிட்டால், நாய் அன்றிரவு சாப்பிட மறுப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. தொலைக்காட்சித் தொடரும் கோலமும் இவ்வகையினவே. கடிகாரம் பார்க்கத் தெரியாத உயிருக்கு நாள் என்பது ஒலிகளும் செயல்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையாகும். வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மறைந்துபோன பின் அந்த வரிசையாவது குலையாமலிருப்பது அதற்குப் பெரிய ஆறுதல்.

உணவைப் பற்றிய கோரிக்கைகளில் நியாயத்தையும் அநியாயத்தையும் பிரித்தறிய விலங்கின் உடலை அறிந்திருக்க வேண்டும். மரக்கறி உண்ணும் வீடுகளில், நாய்க்குத் தயிர்சாதமே போதும், அக்கா வீட்டில் கோழி சமைத்தாலும் கொடுத்துவிடக் கூடாது என்று சொல்லிப்போவது வழக்கம். நாய் இறைச்சி தின்னும் விலங்கு என்று மட்டும் அறிந்தவருக்கு இது கொடுமையாகப் படலாம். ஆனால் 2013இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று, மாவுப்பொருளைச் செரிக்க உதவும் நொதியை உருவாக்கும் மரபணு ஓநாயில் இருப்பதைவிட நாயில் பல மடங்கு படிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. மனிதர் சிந்திய சோற்றைத் தின்று பல்லாயிரம் ஆண்டுகள் உடன் வாழ்ந்ததன் தடம் அது. பருப்போ முட்டையோ சேர்ந்தால் தயிர்சாதத்தில் நாய் நன்றாகவே வாழும். அதே கோரிக்கை பூனைக்கு வைக்கப்படும்போது நிலைமை வேறு. புரட்டாசி மாதம் முழுவதும் வீட்டுக்குள் மீன் வாடை வரக்கூடாது, பூனையும் அந்த மாதம் பால்சோறுதான் சாப்பிட வேண்டும் என்பது, அதைச் சொல்பவரின் பக்தி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், பூனையால் நிறைவேற்ற முடியாத விரதம். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் டாரின் என்னும் அமினோ அமில வகைப்பொருள் இன்றியமையாதது. அதைத் தன் உடலில் போதுமான அளவு உருவாக்கிக்கொள்ளப் பூனையால் இயலாது. ஊனிலிருந்தே அது கிடைக்கவேண்டும். அன்றியும், பிடிக்காத உணவை மறுத்துச் சில நாள் பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய கோரிக்கையை ஏற்றுக்கொண்டு, பின்கட்டில் வைத்துக் கருவாட்டுத் துண்டைப் பூனைக்குக் கொடுக்கும் பக்கத்து வீட்டார் வாக்குத் தவறியவர் ஆகமாட்டார். ஒப்படைக்கப்பட்டது உயிரேயன்றி விரதமன்று.

மீன்தொட்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அம்பத்தூருக்குக் கிழக்கே கொளத்தூர் அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்றது என்பதால் இப்பகுதியின் வீடுகளில் தொட்டிகள் மிகுதி. வேளைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் தீனி போடக்கூடாது, மீன் வாயைத் திறந்து திறந்து கேட்டாலும் போடக்கூடாது என்னும் கண்டிப்பு கல்நெஞ்சமாகத் தோன்றினாலும் சரியானது. தின்னாமல் மிஞ்சும் தீனி அழுகி நீரில் அம்மோனியாவைக் கூட்டுகிறது, வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. பராமரிக்க வருவோரின் இரக்கத்தாலேயே மீன்கள் சாகின்றன.

இவற்றுக்கு மறுபுறத்தில், விலங்கின் தேவையோடு தொடர்பில்லாமல் உரிமையாளரின் ஏக்கத்திலிருந்தே பிறக்கும் கோரிக்கைகளும் உண்டு. நாளுக்கு மூன்று வீடியோ கால்கள் இவ்வகையைச் சேர்ந்தவை: குரல் கேட்கிறது, வாசனை வரவில்லை, ஆள் இல்லை, நாய் வாசலுக்கும் அறைக்குமாக ஓடித் தேடிக் களைத்துப் படுக்கிறது, அழைத்தவர் மன நிறைவோடு இணைப்பைத் துண்டிக்கிறார். அக்கா சோறு வைத்ததும் ஒரு படம், சாப்பிட்டதும் ஒரு படம், கழிந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதும், கூடத்தில் பொருத்திய கேமராவில் அவர் எத்தனை நிமிடம் இருந்தார் என்று பார்த்துவிட்டு, “இன்னிக்கு சீக்கிரம் கிளம்பிட்டீங்களேக்கா?” என்று கேட்பதும் இவ்வகையினவே. இன்னும் சில கோரிக்கைகளின் அபத்தம் கேட்கும் நேரத்தில் தோன்றியதன்று. அக்னி நட்சத்திர நாட்களில் பகலெல்லாம் ஏசி ஓடவேண்டும், மின்சாரம் போனால் ஐஸ் கட்டியை ஈரத்துணியில் சுற்றி வயிற்றுக்கடியில் வைக்க வேண்டும் என்று ஹஸ்கி நாய்க்காகக் கேட்பவர் தவறாக எதையும் கேட்கவில்லை. பனிநிலத்துக்கான இரட்டை மயிர்ப்போர்வையோடு பிறந்த விலங்கை ஆவடி வெயிலில் வளர்க்கலாம் என்று முடிவெடுத்த நாளிலேயே தவறு நேர்ந்துவிட்டது. அதன் சுமை மே மாதத்தில் பக்கத்து வீட்டின் மேல் இறங்குகிறது.

ஆனால் யாரும் சிரிக்காத அந்த ஒரு கோரிக்கை மிகச் சிறியது: “சும்மா ஒரு எட்டு பாத்துக்கோங்கக்கா.” இதைவிடப் பணிவான, இதைவிடக் குறைவாகக் கேட்கும் வேண்டுகோள் இருக்க முடியாது என்று தோன்றும். அந்த ஒரு எட்டுக்குள் காலையும் மாலையும் வாக்கிங், மூன்று வேளைச் சமையல், கழிவை அள்ளுதல், மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர், துளசிக்கு விளக்கு, காக்கைக்குச் சோறு ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன என்பது சாவி கைமாறிய பின்புதான் தெரியவருகிறது. அதைவிடவும், சொல்லப்படாமல் விடப்பட்டவை கனமானவை. லுங்கியைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னவர் கால்நடை மருத்துவர் யார் என்பதைச் சொல்ல மறக்கிறார். வெறிநாய்த் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. செலவுக்குப் பணம் வைத்துப்போவதில்லை. சென்ற ஆண்டு தபால்காரரின் காலைப் பிடித்ததை மறைத்து, “கடிக்காது, சும்மா குரைக்கும், அவ்வளவுதான்” என்கிறார்.

இந்த மௌனத்தைப் பற்றிச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே தெளிவாகச் சிந்தித்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு நோக்கத்துக்காக ஒருவரின் பொருள் மற்றொருவரிடம் கொடுக்கப்பட்டு, நோக்கம் நிறைவேறியபின் திருப்பித் தரப்படவேண்டிய உறவை 148ஆம் பிரிவு முதல் விளக்குகிறது. இங்கே அதை ஒப்படைப்பு என்று அழைக்கலாம். 150ஆம் பிரிவு, ஒப்படைக்கும் பொருளில் தனக்குத் தெரிந்த குறையைப் பெறுபவரிடம் சொல்லிவிட வேண்டியது ஒப்படைப்பவரின் கடமை என்கிறது. அதற்குச் சட்டம் தரும் எடுத்துக்காட்டே ஒரு விலங்குதான்: முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவர் அதை இரவல் கொடுக்க, குதிரை ஓடி, ஏறியவர் விழுந்து காயமுற்றால் கொடுத்தவரே பொறுப்பு. பெறுபவரின் கடமையை 151ஆம் பிரிவு வரையறுக்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தமக்குச் சொந்தமான அத்தகைய பொருளை எப்படிக் காப்பாரோ அந்த அளவு காத்தால் போதும், அதற்கு மேல் வேண்டியதில்லை. கூலி பெறாமல் காப்பவருக்கு நேரும் தேவையான செலவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 158ஆம் பிரிவு. குற்றவியல் சட்டம் இன்னும் கடுமையானது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தம் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. சொந்தமான விலங்கு என்று அது சொல்லவில்லை, வசமுள்ள விலங்கு என்றே சொல்கிறது. 2024 மே மாதத்தில் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவொன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஒரு சிறுமியைக் கடித்துக் குதறிய நிகழ்வுக்குப் பின் சென்னை மாநகராட்சி நாய் உரிமத்தில் கண்டிப்புக் காட்டத் தொடங்கியது. 2011 முதல் அம்பத்தூரும் அம்மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கிறது. சங்கிலியைக் கையில் பிடித்து நடப்பவர் அக்கா என்னும்போது, “கடிக்காது” என்னும் ஒற்றைச் சொல் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தக்கூடும் என்பதைச் சாவி கொடுப்பவர் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டவர்.

சட்டத்தைவிடப் பழைய சாட்சியும் தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரையின் கோட்டைக்கு வெளியே புறஞ்சேரியில், கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைக்கிறார்; ஒப்படைக்கும்போது அவளை நீராட்டவும் அழகுசெய்யவும் தாயாகவும் தோழியாகவும் இருந்து காக்கவும் சொல்கிறார். அதே காதையில்தான், குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரிப்பிள்ளையைத் தவறாகப் புரிந்துகொண்டு கொன்றுவிட்ட பார்ப்பனப் பெண்ணின் கதையும், அவள் பழி நீங்கக் கோவலன் பொருள் கொடுத்து உதவிய செய்தியும் வருகின்றன. வீட்டில் வளர்ந்த விலங்கிடம் குழந்தை ஒப்படைக்கப்பட்டதையும், எளிய இடைச்சியிடம் பெருங்குடி மகள் ஒப்படைக்கப்பட்டதையும் இளங்கோவடிகள் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார். பின்னர் கண்ணகிக்கு நேர்ந்ததை அறிந்த மாதரி, தன் பொறுப்பில் விடப்பட்டவளை இழந்த துயரில் தீயில் புகுந்தாள் என்று நீர்ப்படைக் காதை கூறுகிறது. நடந்தவற்றில் மாதரியின் பிழை எதுவுமில்லை. ஏற்றுக்கொண்டவரின் மனத்தில் பொறுப்பு அந்த அளவு கனக்கும். இன்றும், வெளியூரிலுள்ளவரின் நாய் தன் கையில் இருக்கும்போது செத்துப்போனால் பக்கத்து வீட்டுப் பெண் பல ஆண்டுகள் அதைச் சொல்லி அழுகிறாள்.

ஆதலால், அந்தப் பொறுப்பை யாரிடம் சுமத்துகிறோம் என்னும் கேள்வியைத் தவிர்க்க முடியாது. இப்புறநகர்களின் வீடுகளில் கீழ்த்தளத்தில் ஹவுஸ் ஓனரும் மாடியில் குடித்தனக்காரரும் இருப்பது பரவலான அமைப்பு. ஓனர் ஊருக்குப் போகும்போது சாவி மாடிக்குப் போகிறது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், அடுத்த ஆண்டு வாடகை ஏறும் என்பதையும், முன்பணம் ஓனரின் கையில் இருப்பதையும் நினைத்துக்கொண்டே, “பாத்துக்கறோம் சார்” என்கிறார். தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்துக் காலையில் வந்து படுக்கும் மனிதர் ஏழு மணிக்கு நாயை அழைத்துக்கொண்டு தெருவில் நடக்கிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும், பாத்திரம் இல்லாத நாட்கள்தானே என்ற கணக்கில், கூடுதல் கூலியில்லாமல் இந்த வேலை சேர்க்கப்படுகிறது. மறுக்க முடியாதவரிடம் கேட்கப்படும் உதவி, எவ்வளவு இனிமையாகக் கேட்கப்பட்டாலும், கூலியில்லாத வேலையே. அதற்கு உரிய பணத்தை முன்கூட்டியே பேசிக் கொடுப்பது உறவைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர், ஊரிலிருந்து கொண்டுவரும் ஒரு பொட்டலம் அல்வாவால் அது நேராகிவிடும் என்று நம்புவதையும் கைவிட வேண்டும். தம்முள் மாறிமாறி உதவிக்கொள்ளும் இரு குடும்பங்களின் கணக்கு இதிலிருந்து வேறானது. அங்கே அல்வா போதும்.

கிளிக்கூண்டைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கொவ்வைப்பழம் வைக்க வேண்டும் என்பவற்றோடு, கூண்டை வாசல்பக்கம் வைக்காதீர்கள் என்ற கோரிக்கையும் சேர்ந்து வருமானால், அதன் பொருள் எளிது: கழுத்தில் செவ்வளையம் கொண்ட நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பராமரிப்பவரையும் அக்குற்றத்தில் பங்காளியாக்கும் இந்தக் கோரிக்கையை மறுத்துவிடுவதே முறை.

எல்லாவற்றையும் எழுதிவைத்துப் போனாலும் எழுதப்படாதது ஒன்று நேரும். தீபாவளி அதற்கு ஆண்டுதோறும் வரும் சான்று. 2018 முதல் தமிழக அரசு காலை ஆறு முதல் ஏழு வரையும் மாலை ஏழு முதல் எட்டு வரையும் வெடிக்க நேரம் வகுத்திருந்தாலும், தெரு அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் அதிர்வுவரையே கேட்கும், நாய்க்கு அது 45,000 வரை நீளும் என்பதால், அணுகுண்டு வெடியின் ஒலி அதற்கு நமக்குக் கேட்பதுபோலக் கேட்பதில்லை. தெருவில் யாரும் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது நடவாத காரியம். உள்ளறையில் சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, தன் எண்ணெய்க் குளியலையும் பிள்ளைகளின் மத்தாப்பையும் தள்ளிவைத்து அதனருகே உட்கார்ந்திருக்க ஒருவர் முன்வருவாரானால் அது கேட்டுப் பெறக்கூடிய உதவியன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பகுதிகளில் நீர் புகுந்து மின்சாரமும் நின்றபோது, மீன்தொட்டியின் காற்றுக்குழாய்க்கு என்ன செய்வது, நாயை மாடிக்கு எப்படி ஏற்றுவது என்பதற்குத் தாளில் விடை இருந்திருக்காது. தொலைபேசிக் கோபுரமும் செயலிழந்துபோன அத்தகைய வேளையில், நீங்களே பார்த்து முடிவு செய்யலாம், நடந்ததற்காக உங்களைக் கேட்கமாட்டோம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தால் மட்டுமே காப்பவரின் கை தயங்காமல் நீளும். சாவி கொடுப்பவர்கள் மிக அரிதாகவே சொல்லும் வாக்கியம் இது.

ஒப்பந்தச் சட்டத்தின் 163ஆம் பிரிவு, ஒப்படைத்த பொருள் பெறுபவரிடம் இருக்கும்போது பெருகினால் அந்தப் பெருக்கமும் உரிமையாளருக்கே சேரும் என்று விதித்து, பசுவை ஒருவரிடம் விட்டுச்செல்ல, அது கன்று ஈன்றால் பசுவோடு கன்றையும் திருப்பித் தரவேண்டும் என எடுத்துக்காட்டுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோதே இவ்விதி பொருந்தும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. கோடை விடுமுறையில் வெளியூர் போயிருக்கும்போது பூனை குட்டி போட்டுவிட்டால், பூவிருந்தவல்லித் தெருக்களில் அந்த வேறு ஒப்பந்தம் யாரும் எழுதாமலேயே நடைமுறையில் இருக்கிறது: பிரசவத்தின்போது உடனிருந்தவருக்கு முதல் குட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, அவர் வேண்டாம் என்றால்தான் மற்றவர்களிடம் கேட்கப்படும்.